ஒன்பது வீட்டு லயம்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த செங்கல் சூளை நின்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. மண் வெட்டிய பள்ளத்தில் ஆற்று வெள்ளம் புகுந்து வடியவே இல்லை. சீன முதலாளி இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். செங்கல் அறுத்தவர்கள் வேலை தேடிச் செந்தூலுக்கும் கிள்ளானுக்கும் மூட்டை கட்டினார்கள். என் கணவருக்குச் சொந்த மாட்டுவண்டி. செங்கல் இல்லாவிட்டால் விறகு, அரிசி என்று ஏற்றுவார். அதனால் நாங்கள் தங்கிவிட்டோம்.

ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒன்பது வீட்டு லயத்தில் மிஞ்சியது இரண்டே குடும்பம். இந்தக் கோடியில் நாங்கள். அந்தக் கோடியில், விற்காமல் கிடந்த செங்கல்லுக்குக் காவல் இருந்தவரும் அவர் மனைவியும். அவரை நான் அக்கா என்பேன்.

முதல் வாரம் ஊரே செத்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பக்கத்துக் காலி வீட்டில் என் விறகை அடுக்கினேன். மறுநாளே அக்கா தன் பக்கத்து வீட்டில் கோழிகளை விட்டார். அப்புறம் போட்டிதான். சமைக்க ஒரு வீடு, படுக்க ஒரு வீடு, துணி உலர்த்த ஒரு வீடு. கணவர் வேலை முடிந்து வந்து முற்றத்தில் நின்று கத்துவார்: "ஏய், இன்னைக்கு எந்த வீட்டுல இருக்கே? பசிக்குது!"

ஆளுக்கு நாலு வீடு ஆயிற்று. நடுவீடு யாருக்கு? அது மேஸ்திரி இருந்த வீடு. பலகைத் தரை, நல்ல கூரை. நான் பாயை விரித்தேன். அக்கா அதைச் சுருட்டி என் வாசலில் வைத்துவிட்டுத் தன் அம்மியை நடுவீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்.

"அக்கா, அது எங்க பக்கத்து வீடு."

"எண்ணிப் பாரு லா. எங்கேர்ந்து எண்ணினாலும் அஞ்சாவதுதான்!"

பத்து நாள் பேச்சு இல்லை. பிறகு மழை பிடித்தது. வேய ஆளில்லாத அத்தாப்பு ஓலைக் கூரைகள் எட்டும் ஒழுகின. தலையில் பாயோடு ஓடிப்போய் நடுவீட்டுக் கதவைத் தள்ளினால், அக்காவும் புருஷனும் ஆறு கோழிகளும் உள்ளே.

"தள்ளி உக்காருங்க, ஆளு வருது," என்றார் அக்கா தன் புருஷனிடம். பிறகு என்னிடம், "உன் வீட்டு அரிசி நனையலையே?"

"எந்த வீட்டு அரிசியைக் கேக்கறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மழைக்காலம் முழுக்க அந்த ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம்.

செங்கல் விற்றுப்போனதும் காவல் வேலையும் போனது. அவர்கள் கிள்ளானுக்கு ரயில் ஏறினார்கள். ஒன்பது வீடும் எனக்கே. மூன்றாம் நாள் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"நாமளும் செந்தூலுக்குப் போயிடலாமா?" என்று கணவரிடம் கேட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பாத்திரங்களை வண்டியில் ஏற்றத் தொடங்கிவிட்டார். அவருக்கும் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. எனக்காகத்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.