மூன்று பூனைகளின் நிரந்தர வதிவிடம்

இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், நோயாளிப் பூனைகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் எட்டு மாதம் வீற்றிருந்த பூரணி அம்மையாரின் வரலாற்றை எழுத இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. நாட்டுக்கு இது பெரிய நஷ்டம். அந்த எட்டு மாதத்தால் அவருடைய பிரஜாவுரிமை எப்படிப் போனது என்பதை வருங்காலச் சந்ததி அறிய வேண்டாமா?

பூரணி அதே தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். தாயையும் புருஷன் வீரய்யாவையும் அதே மண்ணில் புதைத்தவர். 1949 மாசியில் பெரிய துரை லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது, துரைசாணியின் கிழட்டுக் கடுவன் பூனை மேஜருக்கு வலிப்பு நோய் முற்றியிருந்தது. அதே பருவத்தில் லீவில் போன அயல் தோட்டத்துத் துரைமார் இருவரும் தங்கள் நோயாளிப் பூனைகளைப் பெரிய துரை பங்களாவுக்கே அனுப்பிவைத்தார்கள். டச்சஸ் என்பவளுக்கு மூச்சிழுப்பு. பெட்டி என்ற பெயர்கொண்ட மற்றவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பில்லாத மீன் மட்டுமே ஆகாரம்.

பூரணியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், காசநோய்க்காரப் புருஷனை இரண்டு வருஷம் பார்த்த அனுபவம். வீரய்யாவுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி சிவப்புத் தண்ணீர் கொடுத்தது. பூனைகளுக்குக் கண்டியிலிருந்து டாக்டர் காரில் வந்தார். வீரய்யா செத்துப்போனதற்கு அவர் பூனையாகப் பிறக்காத குற்றம்தான் காரணமென்று கொள்ள வேண்டும்.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் மரியரட்ணம் சேதி சொன்னார்.

"நாளையிலேருந்து நீ பெரட்டுக்கு வர வேணாம், பூரணி. பங்களா வேல."

"மெய்யாவாங்கய்யா? கோபிச்சுக்க மாட்டாங்களே?"

"தொரையே சொல்லிட்டாரு. செக்ரோல்லருந்தும் ஒம்பேர எடுத்தாச்சு."

விடியும் முன்னே பனியில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பதுதான் பெரட்டு; அந்தப் பெயர்களைத் தினமும் பதியும் பதிவேடு செக்ரோல். அதிலிருந்து விடுதலை என்றால் லயத்தில் யார்தான் துள்ளமாட்டார்கள்? பூரணியும் துள்ளினார். மறுநாள் கூடையோடு கொழுந்தெடுக்கப் போன வீரம்மா வழியில் மறித்தாள்.

"என்னாடி பூன மகாராணி, நாங்க மழையில சாகுறோம், நீ மீன் ஆயப் போறியா?"

"ஒனக்கும் வலிப்பு வரட்டும்டி. வந்து பாத்துக்கிறேன்."

காலையில் மேஜருக்கு அரை மாத்திரையை நுணுக்கி மீனில் பிசைய வேண்டும். டச்சஸைத் துண்டால் மூடி ஆவி காட்ட வேண்டும். அவள் நகத்தால் நன்றி தெரிவிப்பாள். மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசில் பெட்டிப் பூனையை நிறுக்க, மரியரட்ணம் தேதி, மருந்து, எடை, வலிப்பு எத்தனை தடவை என்று ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதுவார். பூனைகளைப் பார்ப்பவர் பெயருக்கு அதில் இடமே விடவில்லை. பூரணி இரவிலும் பங்களாப் பின்னறையிலேயே படுத்தார். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட ராகலைக் கடைத்தெருவுக்கு இறங்கவில்லை.

மூன்றும் பிழைத்தன. ஐப்பசியில் திரும்பிய துரைசாணி மேஜரைக் கட்டிக்கொண்டு அழுதார். பூரணிக்கு ஒரு பழைய கம்பளிச் சட்டை கிடைத்தது. "மேரி நல்ல பொம்பளை" என்றும் சொன்னார். பூரணி என்பது அவர் நாக்கில் ஏறாததால் முதல் நாளே மேரியாக்கிவிட்டிருந்தார்.

இதற்கிடையில் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்ததாகக் காகிதத்தில் காட்ட வேண்டும். காட்டினால் பிரஜை. காட்டாவிட்டால், கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு என்றைக்காவது கப்பலேற்றலாம். பூரணி 1951இல் மனுப்போட்டார். அரசாங்கம் அவசரப்படாமல் 1956இல் நுவரெலியாவில் விசாரணைக்கு அழைத்தது.

மரியரட்ணம் நல்ல மனிதர். பூனைக் கொப்பியைத் தேடியெடுத்துக் கொடுத்தார். ஓய்வுபெற்றுச் சீமையில் குடியிருந்த துரைக்கு எழுதி ஒரு கடிதமும் வரவழைத்தார்.

விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"நாப்பத்தொம்பதுல எட்டு மாசம் செக்ரோல்ல ஒங்க பேரு இல்ல. இந்தியாவுக்குப் போனீங்களா?"

"இல்லீங்கய்யா. பூன பாத்துக்கிட்டு இருந்தேங்க."

"எட்டு மாசமா?"

"சீக்காளிப் பூனைங்க."

அதிகாரி கொப்பியை ஒரு பக்கம்கூட விடாமல் படித்தார். கடமையுணர்வுள்ளவர். பிறகு தீர்க்கமாகச் சொன்னார்: "இந்தக் காலம் முழுக்க மூணு பூனைங்க இலங்கையில இருந்தது சந்தேகமில்லாமத் தெரியுது. நீங்க இருந்ததா எங்கயும் இல்லையே?"

கடிதத்தைப் பிரித்தார். மேஜரின் இறுதிக் காலம் பற்றி ஒன்றரைப் பக்கம். கடைசியில் ஒரு வரி: நாங்கள் லீவில் இருந்தபோது எங்கள் மேரி அவனை ஒரு நாளும் பிரியவில்லை.

"மேரி யாரு?"

"நாந்தாங்க."

"மனுவில பூரணின்னு இருக்கு."

"பூரணியும் நாந்தாங்கய்யா."

மனு தள்ளுபடியானது. காகிதம் வந்த அன்று மரியரட்ணம் அதை இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை பூரணிக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

"அப்ப நான் எந்த நாட்டு ஆளுங்கய்யா?"

"அத இதுல போடல, பூரணி."

அடுத்த வருஷம் புதுத் துரை லீவில் புறப்பட்டார். அவர் வீட்டுப் பூனைக்கு நீரிழிவு, தினம் ஊசி. ஆள் அனுப்பியபோது பூரணி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: பூனையைப் பார்ப்பது பூரணி என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கூலிக்காரி துரையிடம் கையெழுத்துக் கேட்கும் அளவுக்குக் காலம் கெட்டுவிட்டதே என்று பங்களா திகைத்தது. வேலை நாலாம் லயத்துச் சிசிலிக்குப் போனது.

பெரட்டிலிருந்து துள்ளிக்கொண்டு போன சிசிலியைப் பூரணி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மறித்தார்.

"செக்ரோல்ல பேர எடுக்க விடாதடி, சிசிலி. ஒம்புள்ளைங்களுக்காகச் சொல்றேன்."

சிசிலி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஒனக்குப் பொறாமக்கா. நனையாம இருக்கிறவளப் பாத்தா வயிறு எரியுது."

பூரணி வழிவிட்டார்.