மாற்றாமல் விட்ட அரை மணி

எங்கள் துறைமுகக் களஞ்சியத்தின் கமராக்களைப் பராமரித்தவர் மெலிந்த மனிதர். முன்பல் ஒன்று இல்லை. கடற்காற்றில் கமராக் கண்ணாடியில் உப்புப் படியும். காலையில் ஏணி வைத்து ஏறிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்ததும் கமராவைப் பார்த்து ஒருமுறை சிரிப்பார்.

ஒருநாள் களஞ்சியத்தில் வயர்ச் சுருள்கள் களவு போயின. யுத்த காலம். வயர் என்றால் குண்டு என்றுதான் நினைப்பார்கள். கதவு பூட்டிய நேரத்துக்குப் பிறகு நான் வெளியே வருவதாகக் கமராப் படம் காட்டியது. என்னை மறியலில் போட்டார்கள்.

வழக்கு நாளில் அந்தக் கமராக்காரர் சாட்சி சொல்ல வந்தார்.

"ஐயா, நாட்டு நேரத்தை அரை மணி பின்னுக்கு மாத்தினவையெல்லோ. கமராவில மாத்த நான் மறந்துபோனன். அது அரை மணி முந்தி ஓடுது. இந்தத் தம்பி பூட்ட முந்தியே போயிட்டான்."

நீதவான் என்னை விடுதலை செய்தார். நீதிமன்ற வாசலில் கமராக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணை, உங்கட வேலை போயிடுமே?"

"ஓம், போகும்தான். அதுக்காக உன்னை உள்ளுக்க விட ஏலுமே? வா, தேத்தண்ணி குடிப்பம்."

கடையில் வடையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சொன்னபடி வேலை போனது. பிறகு நான் அவரைக் காணவில்லை. வேலை போகப்போகிற மனிதர் அவ்வளவு நிம்மதியாக வடை சாப்பிட்டதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.