பழனியம்மாள் ஏற்றிக் கொடுத்த விலை

பழனியம்மாளுக்கு விலை சொல்வதென்றால் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்து ஆட்கள் முதலில் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள். நூல் ஏஜெண்ட் ஆகட்டும், அட்டைப்பெட்டிக்காரர் ஆகட்டும், வாசலுக்குக் கீரை கொண்டுவருகிறவள் ஆகட்டும், நியாயமான விலை இவ்வளவு என்று நினைத்துக்கொண்டு, பழனியம்மாள் குறைப்பதற்கென்று தனியாகக் கொஞ்சம் சேர்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். சேர்த்ததை எல்லாம் அவள் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு பொருளை வாங்கிப் போவாள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கணவர் குமாரவேல் மட்டும், "இவ குறைக்கறதுக்குன்னே ஊருக்குள்ள வெலை ஏறிப்போச்சு" என்று அவள் காதில் விழாத தூரத்தில் நின்று சொல்வார்.

இருவரும் சேர்ந்து நடத்திய பனியன் கம்பெனியில் கட்டிங், தையல் எல்லாம் குமாரவேல் பொறுப்பு. பேசுகிற வேலை முழுக்கப் பழனியம்மாள் பொறுப்பு. ஆரம்ப காலத்தில் ஒருநாள் டெலிவரி வேன் டிரைவர் வரவில்லை. பண்டலை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போனாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டியரிங்கை அப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது குமாரவேலின் வேலையாயிற்று.

அவள் மனசில் கார் ஆசை விழுந்தது ஜெர்மனியில். துணிக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அங்கே சரக்கு வாங்கும் அம்மையார் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், தலை முழுக்க நரை, கூரையில்லாத குட்டிக் காரில் வந்து பழனியம்மாளை ஏற்றிக்கொண்டு போனார். இவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் திரும்பியதும் ஆர்டரைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். காரைப் பற்றி ஒரு வாரம் பேசினாள்.

"கூரையில்லாத வண்டி நம்மூருக்கு எதுக்கு புள்ள? வெயிலு மண்டையப் பொளந்துரும்" என்றார் குமாரவேல்.

"நீங்க மொபெட்டுல போறப்ப கூரை போட்டுக்கிட்டுத்தான் போறீங்களாக்கும்."



இரண்டு வருஷம் கழித்து, 2007-ல், கணியூரில் அப்படி ஒரு வண்டி நிற்பதாகச் சேதி கொண்டுவந்தவன் சகாயராஜ். ராயபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன். பழனியம்மாளின் வேனுக்கு அவன்தான் மெக்கானிக். கணியூர் விவசாயி சீனிச்சாமியின் தம்பி சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கி, ஊருக்கு வரும்போது வரி கட்டிக் கொண்டுவந்த கார். ஜப்பானில் செய்தது. சிவப்பு. இரண்டே சீட்டு. தம்பி இப்போது அமெரிக்காவுக்குப் போய்விட்டார். "நீயே வெச்சுக்க, இல்லாட்டி வித்துக்க" என்று அண்ணனிடம் விட்டுப் போனதால், வண்டி தேங்காய்க் கொட்டகையில் சும்மா நின்றது.

குமாரவேலையும் சேர்த்து மூவரும் வேனில் புறப்படும்போதே பழனியம்மாள் சகாயராஜிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "அங்க வந்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே நிக்கோணும். நல்லதா ஒரு வார்த்தை சொல்லப்புடாது. நீ பெருமூச்சு உடற ஒவ்வொருக்காவும் ரெண்டாயிரம் குறையோணும்."

"அத நான் பாத்துக்கிடுதேன்க்கா."

கொட்டகையில் மட்டைகளை ஒதுக்கி, தார்ப்பாயை இழுத்தார் சீனிச்சாமி. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, எதற்கும் அவசரப்படாத பேச்சு. தூசி அடங்கியதும் வண்டி தெரிந்தது. சகாயராஜ் அதன் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.  அப்புறம் மெதுவாக, கோயிலில் பேசுவதுபோல, "யக்கா, இத மாதிரி வண்டிய நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றான்.

பழனியம்மாள் இருமினாள்.

"இஞ்சின் ஒரிஜினல்க்கா. யாரும் கை வைக்கல. என்ன அழகா இருக்கு பாருங்க."

அவள் இன்னொரு முறை பலமாக இருமினாள். சீனிச்சாமி உள்ளே திரும்பி, "அம்மிணிக்குத் தண்ணி கொண்டாங்க, தூசி ஒத்துக்கல போல" என்றார்.

சகாயராஜ் ஒருவழியாகத் தெளிந்து வேலையை ஆரம்பித்தான். சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். கதவுக்குக் கீழே தகரத்தை விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டான். இடது பக்கம் கணீரென்றது, வலது பக்கம் சொத்தென்றது; உள்ளே துரு. டயரில் பட்டன் எல்லாம் தேயாமல் புதுசாகவே இருந்தது. ஆனால் ஓடாமல் நின்றே ரப்பர் வெடித்திருந்தது. நாலையும் மாற்ற வேண்டும். மடக்குக் கூரை மூன்று இடத்தில் கிழிசல். சீட்டுக்கு அடியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. வேறு பேட்டரி மாட்டி, பானட்டுக்குள் மடங்கிக் கிடந்த முன்விளக்குகள் மேலே எழும்புகின்றனவா என்று சுவிட்சைப் போட்டான். ஒரு விளக்கு எழுந்தது, மற்றது எழவில்லை. மூன்றாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பழனியம்மாளுக்கே முகத்தைச் சுளிக்க மறந்துபோயிற்று.

"என்ன விலைங்ணா சொல்றீங்க?" என்றாள்.

"ஒரு லட்சமுங்க அம்மிணி."

"அதெப்பிடிங்ணா?"

"இதே வயசுல ஒரு நல்ல காரு ஒன்னரைக்குப் போகுதுங்க. அதுல அஞ்சு பேரு போலாம். இதுல ரெண்டு பேருதான். கூரையும் துணி. அதனால அரை லட்சம் குறைச்சுட்டேன்."

இதைவிட ஒழுங்கான கணக்கு இருக்க முடியாது என்பதுபோல அவர் நின்றார்.

"எம்பதாயிரமுன்னா இப்பவே எடுத்துக்கறனுங்ணா" என்றாள் பழனியம்மாள். யோசித்துச் சொன்னதில்லை. கேட்டால் குறைப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல.

"நமக்கு ஒரே வெலைதாங்க. தேங்காயும் அப்பிடித்தான் விக்கறது."

"தொண்ணூறு."

"மோர் சாப்புடுங்க அம்மிணி."

அவள் மோர் குடித்தாள், தொண்ணூற்றைந்துக்கு வந்தாள், இன்னொரு டம்ளர் மோர் குடித்தாள். சீனிச்சாமி சிரித்த முகம் மாறாமல் நின்றார். கடைசியில், "யோசிச்சுச் சொல்றனுங்ணா" என்று கிளம்பினாள். வேன் வரைக்கும் போகும்போது பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று எதிர்பார்த்து மெதுவாக நடந்தாள். அவர் கூப்பிடவில்லை.

தாராபுரம் ரோடு திரும்பியதும் சகாயராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "யக்கா, ஒண்ணு சொல்லுதேன், வையாதீங்க. அந்த வண்டி லட்ச ரூவா வண்டி இல்ல."

"எம்பதுதானே? அதத்தான் நானுஞ் சொன்னேன்."

"இல்லக்கா. பழைய மாருதின்னா தெருவுக்கு நாலு நிக்கும், ஒண்ணப் பாத்து ஒண்ணுக்கு வில சொல்லிரலாம். இதுக்கு அப்படிச் சோடி கெடயாது. நல்ல நெலமையில இருந்தா என்ன வெலைக்குப் போவும்னு பாக்கணும். அதுல, நல்லாக்குததுக்கு ஆகுத செலவக் கழிக்கணும். கழிச்சு நிக்குததுதான் நாயமான வில."

பனியனுக்கு விலை போடுகிற ஒருத்திக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. "சொல்லு" என்றாள்.

"கோயமுத்தூர்ல ரேஸ் வண்டி வச்சிருக்கவங்க, இத நல்லாக்கிக் குடுத்தா நாலு லட்சம் கண்ண மூடிட்டுக் குடுப்பாங்க. துரு வெட்டி ஒட்ட, டயர், கூரை, பெல்ட்டு, பெயிண்டு, வெளியூர்ல இருந்து வரவேண்டிய சாமான் எல்லாம் சேத்து ஒன்னரை ஆகும். பாக்கி ரெண்டரை. அவரு ஒண்ணு கேக்காரு."

குமாரவேல் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே, "அப்ப லாபந்தானே, திருப்பு வண்டிய" என்றார்.

பழனியம்மாள் திருப்பவில்லை.  இரவு சாப்பாட்டில் ரசஞ்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

அவளுக்கு ஞாபகம் வந்தது வேறொரு விஷயம். கம்பெனியின் முதல் வெளிநாட்டு ஆர்டர். டி-சர்ட்டுக்கு விலை சொல்லும்போது பிரிண்டிங் செலவைச் சேர்க்க மறந்துவிட்டாள். சரக்கு வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சமாகச் சிரித்தான். ஒரு வருஷ உழைப்பு அந்தச் சிரிப்பில் போயிற்று. பேரம் பேசிக் குறைப்பது வேறு; எதிராளிக்கும் கணக்குத் தெரியும், அவனும் சண்டை போடுவான். கணக்கே தெரியாதவனிடம் சும்மா இருந்து வாங்கிக்கொள்வது வேறு. அந்தச் சிரிப்பைத் தன் முகத்தில் வைத்துக்கொள்ள அவளுக்கு ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கணியூர் போனாள். குமாரவேலும் கூட வந்தார்.

"அண்ணா, அந்த வண்டிக்கு ஒரு லட்சம் பத்தாதுங்க. ரெண்டரை வாங்கிக்கோங்க" என்றாள். வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியம் அவள் சொன்னதில்லை. நாக்கு அங்கங்கே தட்டியது.

சீனிச்சாமி அவளைப் பார்த்தார். அப்புறம் கொட்டகையைப் பார்த்தார். "போன வாரம் தொண்ணூத்தஞ்சுக்குக் கேட்டீங்க."

"ஆமாங்க."

"இப்ப ரெண்டரைங்கறீங்க."

"ஆமாங்க."

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குது?"

எலிக்கூடுதான் இருந்தது என்று அவள் எவ்வளவோ சொன்னாள். சகாயராஜின் கணக்கை விரல் விட்டு விளக்கினாள். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு வாரம் பொறுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். தானாக விலை ஏற்றுகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவர்கள் போனதும் ஆள் வைத்து சீட்டைக் கழற்றினார். ஸ்டெப்னி டயரைக் கிழித்துப் பார்த்தார். கதவு உள்தகட்டைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். சிங்கப்பூர் காசு இரண்டும், தம்பி எப்போதோ தொலைத்த கறுப்புக் கண்ணாடியும் கிடைத்தன. அமெரிக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டதில், தம்பி, "அந்தம்மா சொல்றது சரிதாங்ணா" என்றார். அப்போதும் சீனிச்சாமிக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

கூப்பிட்டு அனுப்பினார். பழனியம்மாள் ரெண்டரையில் நின்றாள், அவர் ஒன்றில் நின்றார்.

"நா வாயில சொன்ன வெலைங்க அது."

"உங்களுக்குத் தெரியாம சொன்ன வெலைங்ணா அது."

"அப்ப எனக்குத் தெரியாதுங்கறீங்களா?"

"தென்னை பத்தித் தெரியும். காரு பத்தித் தெரியாது."

"நா சொன்னதுக்கு மேல ஒரு ரூவா வாங்குனா கணியூர்ல என்னை என்னன்னு பேசுவாங்க?"

"நா அதுக்குக் கீழ குடுத்தா எனக்கு ரசஞ்சோறு எறங்க மாட்டேங்குதுங்க."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மட்டை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, வாங்குகிறவர் யார் விற்கிறவர் யார் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவது டம்ளர் மோர் முடிந்ததும், அதுவரை வாயே திறக்காத குமாரவேல் எழுந்தார்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க. ஒன்னே முக்கால். அவீகளுக்கும் மனசு பாதி ஆறும், உங்களுக்கும் பேரு பாதி நிக்கும். எனக்கு ஊட்டுக்குப் போகோணும்."

இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் குமாரவேல் முடித்துவைத்த முதல் பேரம் அது. இருவரும் பாதி மனசோடு ஒத்துக்கொண்டார்கள்.

சகாயராஜின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நாலு மாசம் நின்றது. செலவு அவன் சொன்னதைத் தாண்டிப் போயிற்று. எவ்வளவு என்று பழனியம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து, கூரையை மடக்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பல்லடம் ரோட்டில் அவள் முதல்முறை ஓட்டிப் போனபோது, துணி லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கம்பெனி வாசலில் வண்டி வந்து நின்றதும் உள்ளே தையல் மெஷின்கள் ஓய்ந்தன. செக்கிங் பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவள் அதற்காக யாரையும் கோபிக்கவில்லை.

தொந்தரவு வேறு விதமாக வந்தது. திருப்பூரில் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "என்ன விலைக்கு முடிஞ்சுதுங்க?" என்பதுதான். உண்மையைச் சொன்னால் மானம் போகும். அதனால் பழனியம்மாள் ஆளுக்குத் தகுந்த விலை சொன்னாள். பெரிய எக்ஸ்போர்ட்டர் ஒருவர் கேட்டபோது ஐந்து லட்சம். பேங்க் மேனேஜர் கேட்டபோது, "பழைய இரும்பு விலைக்கு வந்துச்சுங்க." குமாரவேலின் அக்கா ரங்காத்தாள் காசை வீணாக்குவதைப் பொறுக்காதவர், அவர் கேட்டபோது, "நாப்பதாயிரமுங்க நங்கையா, அதும் அழுது அழுதுதான் வாங்குனேன்."

இந்த ஏற்பாடு மறு வருஷம் தை மாசம் வரை ஓடியது. உடுமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் ரங்காத்தாளுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தவர் சீனிச்சாமி. வாசலில் நின்ற சிவப்பு வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நம்ம கொட்டகையில நின்ன வண்டிங்க அது" என்றார் சீனிச்சாமி.

"நாப்பதுக்குக் குடுத்தீங்களாமா?" என்றார் ரங்காத்தாள்.

சீனிச்சாமி இலையிலிருந்து கையை எடுத்தார். அவருக்குப் பொய் வராது, குரலைத் தாழ்த்திப் பேசவும் வராது. "ஒன்னே முக்காலுங்க. நா ஒன்னுதான் கேட்டேன். அம்மிணிதான் ரெண்டரைக்கு ஏத்துனாங்க. சண்டை போட்டுத்தானுங்க குறைச்சேன்."

பந்தியே திரும்பிப் பார்த்தது. இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த பழனியம்மாள் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் இருந்த நூல் ஏஜெண்ட் ஒருவர், கேட்டது சரிதானா என்று பக்கத்தாளிடம் விசாரித்தார். அந்த வாரம் அவர் நம்பிக்கையோடு கம்பெனிக்கு வந்து ஒரு விலை சொன்னதும், பழனியம்மாள் அவரை என்ன பாடு படுத்தினாள் என்பதும் தனிக் கதை.

ரங்காத்தாள் கை கழுவிவிட்டு நேராக வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் பழனியம்மாள் நினைத்தாள்.

"ஏம் பழனி, கேட்டதுக்கு மேல குடுத்து வாங்குனயா?"

"ஆமாங்க நங்கையா."

"அப்பிடி என்னதான் இருக்குது அந்த வண்டியில?"

"உக்காந்து பாத்தாத்தானுங்க தெரியும்."

ரங்காத்தாள் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார். சீட்டு இரண்டுதான். குமாரவேல் அக்காவின் கட்டைப் பையையும் தாம்பூலத் தேங்காய்ப் பைகளையும் தூக்கிக்கொண்டு பல்லடம் பஸ் பிடிக்கப் போனார்.