ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்

மும்பை வடாலாவில் ஒரு சின்ன டப்பிங் ஸ்டுடியோவில் தமிழ் வசனம் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பெரிய சண்டைப் படம் ஏதாவது வரப்போகிறது என்றால், அதற்கு இரண்டு வாரம் முன்பே அதைப் போலவே மலிவாக எடுத்த போலிப் படம் ஒன்று எங்களிடம் வந்துவிடும். போஸ்டரில் அதே நீல நிறம், அதே மொட்டைத் தலை நாயகன், பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அவசரத்தில் பார்க்கிறவர்கள் அசல் என்று நம்ப வேண்டும். வியாபாரமே அதுதான்.

போன மழைக்காலத்தில் வந்த படத்தில், பீரங்கி வண்டி ஒன்று நகரத்துக்குள் புகுந்து நாயகனைத் துரத்துகிறது. படம் எடுத்தவர்களால் அந்த வண்டியைப் பத்தடிதான் ஓட்ட முடிந்திருக்கிறது. அந்தப் பத்தடியையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். வில்லன் மேல் நாயகனுக்கு என்ன கோபம் என்று எங்கேயும் சொல்லவில்லை. நான் ஆறு நாள் உட்கார்ந்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வில்லன் அவனுடைய பழைய கூட்டாளி, விபத்தில் அவனை விட்டுவிட்டு ஓடியவன். உதட்டசைவுக்குள் அடங்கும்படி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எழுதினேன். உரிமையாளர் கேட்டுவிட்டு, காரணமெல்லாம் யாருக்கு வேண்டும் என்றார். அசல் படத்தின் டிரெய்லர் வசனங்களை லேசாக மாற்றிப் போடச் சொன்னார். சண்டை போட்டேன். கடைசியில் அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் தாராவிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். புது டிவி வாங்கியிருந்தான். மதினியின் அண்ணன் குடும்பமும் கோவண்டியிலிருந்து வந்திருந்தது. ஊரே பேசுகிற அந்தப் பெரிய படத்தைக் ஆன்லைனில் காசு கட்டி எடுத்திருப்பதாக அண்ணன் சொன்னான். இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் தங்கச்சிதான் வசனம் எழுதுகிறாள் என்று அவர்களிடம் பெருமையும் பேசினான்.

திரையில் பெயர் வந்ததும் அந்த ஓர் எழுத்தைக் கவனித்தேன். அது எங்கள் படம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பீரங்கி வண்டி நாலாவது தடவையாக அதே சிவப்புக் காரைத் தாண்டியபோது கோவண்டிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

"மாப்ளே, இது டூப்ளிகேட்லா."

அவர் மகள் ஹிந்தியில் ஏதோ கிண்டலடிக்க, மதினிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. இந்த வசனத்தை எழுதினவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றான்.

"நான்தான் எழுதுனேன்" என்றேன்.

அவன் டிவியின் சத்தத்தை நிறுத்தினான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏட்டி, ஆரம்பிச்ச உடனே சொல்லிருக்கலாம்லா?"

நான் எழுதின கதையை வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் முன்னால் அது சாக்காகத்தான் தோன்றும் என்று சாப்பாடு எடுத்து வைக்க எழுந்துவிட்டேன். டிவியைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் உரிமையாளரிடம், பெயரையாவது மாற்றுங்கள், என் வீட்டிலேயே ஏமாந்துவிட்டார்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"எழுதுனவங்க வீட்டுலயே நம்பிட்டாங்கன்னா நாம ஜெயிச்சுட்டோம்மா" என்றார்.

அடுத்த படத்தையும் அப்போதே கொடுத்தார். நீர்மூழ்கிக் கப்பல் கதை. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் காட்சியை ஓடவிட்டேன்.

அண்ணன் இப்போதெல்லாம் என் வேலையைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை.