நாயைப் பந்திக்கு அழைத்தவர்

போலீஸ்காரர் ஒருவருக்காக நான் வீடு வீடாய் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. காக்கிச் சட்டையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் வேறு மாதிரிப் போலீஸ். அவர் கையில் லத்தியை நான் பார்த்ததே இல்லை. ஒரு தோல் வார் இருக்கும், அதன் மறுமுனையில் ஒரு நாய் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். பக்கத்தில் காக்ஸ் டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வேலை. காலையில் பிள்ளைகளுக்குத் தட்டெழுத்து சொல்லிக்கொடுப்பேன், மற்ற நேரத்தில் வீட்டு ஒப்பந்தம், ரேஷன் கார்டு விண்ணப்பம் என்று எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். அண்ணன் மோப்ப நாய்ப் பிரிவில் ஏட்டு. அவருடைய அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் கன்னடம், நாயிடம் இங்கிலீஷ் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாய் ஒரு அல்சேஷன். துறை வைத்த பெயர் ஒன்று அதற்கு இருந்தது. அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, 'பையன்' என்பார். அது போலீஸ் நாய்களை அடைத்துவைக்கும் கென்னலில்தான் இருக்கும். எங்காவது திருட்டு நடந்து, துப்பு எடுத்துவிட்டுத் திரும்பும்போது எப்போதாவது ஜீப் எங்கள் தெருவில் நிற்கும். அண்ணன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை நாய் வாசலில் உட்கார்ந்திருக்கும். தெருப் பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். அது பார்க்காது. ஒரு நாள் நானே நல்ல எலும்பாகப் பார்த்து எடுத்துப்போய் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதம்மா," என்றார் அண்ணன். "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராம அவன் எதையும் தொடமாட்டான். அப்படித்தான் பழக்கறோம். திருடன் விஷம் வெச்சுட்டான்னா என்ன பண்றது?"

அண்ணனுக்கு ரிட்டையர்மென்ட் நெருங்கியது. நாய்க்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. மனிதர் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணிதான் ஒரு நாள் இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். "பேசவே மாட்டேங்கறாரும்மா. தட்டுல கைய வெச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருக்காரு. அந்த நாய மட்டும் இவருகிட்ட குடுத்துடச் சொல்லி ஒரு மனு எழுதேன். ஊருக்கெல்லாம் எழுதுறியே."

எழுதினேன். இங்கிலீஷில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. நாய்க்கு வயதாகிறது, இவரை விட்டு அது இருக்காது, இருவரையும் சேர்த்து ஓய்வு பெற விடுங்கள் என்பதுதான் விஷயம். எழுதியதோடு விட்டிருக்கலாம். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் என்னால் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையை மாட்டிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடுவேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு ஒரு கிறிஸ்தவ அம்மாள் எனக்கு டீயும் கேக்கும் கொடுத்தார். தன்னுடைய குட்டைக்கால் நாயின் பாதத்தை மையில் தோய்த்து மனுவில் பதிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "மனு கெட்டுப்போயிடும் ஆண்ட்டி, நீங்க மட்டும் போடுங்க" என்று கெஞ்சினேன். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதர், "நாய் தமிழா, கன்னடமா?" என்று கிண்டல் செய்தார். "அத அப்புறம் விசாரிக்கலாம் சார், இப்ப கையெழுத்துப் போடறீங்களா, நான் போகட்டுமா?" என்றேன். போட்டார். எங்கள் தெருக்கோடியில் ஒருவன், "என் மச்சானப் புடிச்சுக் குடுத்த நாய்க்கு நான் கையெழுத்துப் போடணுமா?" என்று எகிறினான். கதவை மூடிவிட்டு, உடனே திறந்து, "குடு இங்க. அவன் உள்ள போனதுலேர்ந்துதான் என் தங்கச்சி நிம்மதியா இருக்கா" என்று வாங்கிப் போட்டான்.

கட்டாகச் சேர்ந்த தாள்களைத் தூக்கிக்கொண்டு நானும் அண்ணியும் அந்த ரிச்சர்ட்ஸ் டவுன் அம்மாளும் பெரிய அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரிட்டையர் ஆத்மேலே பிஸ்தூல் மனெகெ கொட்தாராம்மா?" என்றார். ஓய்வு பெற்றால் துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா என்று கேட்கிறார். துப்பாக்கி சாப்பிடுமா சார் என்று நான் கேட்டேன். அண்ணி என் தொடையைக் கிள்ளினார். மேலிடத்துக்கு அனுப்புகிறேன், ஆனால் வேலை செய்கிற நாயைக் கொடுக்க விதி இல்லை என்று சொல்லிவிட்டார்.

மாசக் கடைசியில் மாலை போட்டு அண்ணனை அனுப்பிவைத்தார்கள். நாயை ஏற்றுக்கொண்டவர் ஹாசன் பக்கத்துக்காரர், பெண்டாட்டி பிள்ளையோடு குவார்ட்டர்ஸில் இருப்பவர். அண்ணன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் ஒப்படைத்திருக்கிறார். எந்தக் காதில் குடைச்சல், எந்தக் காலில் பழைய அடி, தட்டை வைத்துவிட்டுச் சொல்ல வேண்டிய இங்கிலீஷ் வார்த்தை என்ன, எல்லாம்.

சில நாள் கழித்து அந்த ஹாசன்காரர் எதிர்வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். நான் அண்ணியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார் மனிதர். முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணா, ஊட்டா முட்தானே இல்லா," என்றார். சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்கிறதாம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "தண்ணி மட்டும் குடிக்கிது. டாக்டர் பாத்துட்டார், சீக்கு ஒண்ணும் இல்லன்றார். நீங்க சொன்ன வார்த்ததான் சொல்றேன். என் மொகத்தையே பாக்குது அண்ணா. வேற ஏதானா சொல்வீங்களா நீங்க?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "உங்க ஆபீசரப் போய்க் கேளுங்க. துப்பாக்கி ஏன் சாப்பிடலன்னு அவருக்குத் தெரியும்." அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாசன்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அண்ணன் சொன்னார். இங்கிலீஷ் வார்த்தையைப் பையன் மறந்தே போயிருப்பான். அதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். நாய் குட்டியாக இருந்தபோது அண்ணனின் தங்கைக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் இலை போட்டு உட்காரும் நேரத்தில் இவர் கென்னலில் நாய்க்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். வயிற்றெரிச்சலில், "வாடா, நமக்கு இங்கதான் பந்தி" என்றிருக்கிறார். குட்டி பாய்ந்து தின்றதாம். அன்றிலிருந்து அதுதான் வார்த்தை. தட்டை வைப்பார், நாய் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும், "பந்தி" என்பார், சாப்பிடும்.

"பந்தியில நாய் வந்தா கல்ல எடுப்பாங்க," என்றார் அண்ணன். "நாயப் பாத்து எவன் பந்தின்னு சொல்லப் போறான்? வேற யாரும் அவனுக்கு சோறு போட்டுட முடியாது. அதனால அதையே வெச்சுக்கிட்டேன். ஒப்படைக்கும்போது ஞாபகமே வரல பாரு. எனக்கு அது வார்த்தையாவே தோணல."

இத்தனை நாள் நாங்கள் தெருத் தெருவாய் அலைந்து செய்ய முடியாதது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்தாலே நடந்துவிடும். "சொல்லாதீங்கண்ணா," என்றேன். "ரெண்டு நாள் பொறுங்க. அவங்களே ஜீப்புல கொண்டாந்து எறக்கிட்டுப் போவாங்க. சாப்பிடாத நாய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?" அண்ணியும் அதையே சொன்னார். தெருமுனையில் கறிக்கடை வைத்திருந்த பாயும் வந்து அதையே சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடி அதே பஸ்ஸில் ஏறினேன்.

"எங்க போறீங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கற."

"அப்ப இத்தன பேரு போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? உங்களுக்காகத்தானே நாயா அலைஞ்சேன்?"

"எனக்காகத்தாம்மா அலைஞ்ச," என்றார். "அவன் பட்டினி கெடக்கறானே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், நான் கோபப்பட்டதில் தப்பே இல்லை. இன்னும் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், நாய் செத்துப்போயிருக்காது.

கென்னலில் எங்களை யாரும் தடுக்கவில்லை. ஹாசன்காரர் ஓடி வந்தார். அண்ணன் அவரைத் தனியாக அழைத்துப்போய்க் காதில் சொன்னார். அவர் சொல்லிப் பார்த்தார். "அப்படி இல்ல, ஆர்டர் போடாதீங்க. வீட்டுக்கு வந்தவங்கள இலைக்குக் கூப்பிடுற மாதிரி" என்று அண்ணன் திருத்தினார். அவர் மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

நாயை வெளியே கொண்டுவந்தார்கள். விலாவெலும்பு தெரிந்தது. அண்ணனைக் கண்டதும் உடம்பெல்லாம் ஆடியது, ஆனால் வாரை இழுக்கவில்லை. பழக்கம் அப்படி. ஹாசன்காரர் தட்டை வைத்தார். நாய் உட்கார்ந்தது. "பந்தி" என்றார் அவர். நாய் அவரைத் தாண்டி அண்ணன் முகத்தைப் பார்த்தது. இன்னொரு தடவை சொன்னார். அது அண்ணனையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது சாப்பிட்டிருக்கும். அவர் சொல்லவில்லை. திரும்பி எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

ஹாசன்காரர் தரையில் மண்டியிட்டார். மெதுவாக, யாரையோ உபசரிப்பது போல, அந்த வார்த்தையை மறுபடி சொன்னார். நாய் அண்ணனின் முதுகை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு ஹாசன்காரர் முகத்தைப் பார்த்தது. பிறகு தட்டை நோக்கிக் குனிந்தது.

"ம்மா," என்றார் அண்ணன் திரும்பாமல். "என்னால பாக்க முடியாது. நான் திரும்புனா நிறுத்திடுவான். பாத்துச் சொல்லு. சாப்புடறானா?"

இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் அவர் திரும்பியிருப்பார், நாய் நிறுத்தியிருக்கும், மனுவுக்கு இன்னும் உயிர் இருந்திருக்கும்.

"சாப்பிடுதுண்ணா," என்றேன்.