மிளகு போடாத இட்லி

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நடந்தது இது, பிள்ளைகளே. தேரடிக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு டிபன் கடை இருந்தது. காலையில் தறிக்குப் போகிற நெசவாளிகள்தாம் வாடிக்கை. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கிற இட்லி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டது, அதற்காகவே வருவார்கள்.

அந்த வருஷம், மெட்ராஸிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு டூரிஸ்ட் பஸ் தினமும் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஊருக்கே நல்ல காலம் என்றார்கள். நானும் நம்பினேன். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் ஆகாதே என்று, முதல் பஸ் வருகிற அன்று மொத்த மாவிலும் மிளகு போடவில்லை. பெஞ்சுகளையும் அவர்களுக்கென்று காலியாக வைத்தேன்.

தினமும் வரும் நெசவாளி ஒருவர் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டார்.

"இன்னாப்பா இது? ஜுரக்காரனுக்குப் போடறதா?"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ அண்ணே. பஸ்ஸு வருது."

"அப்ப பஸ்ஸுக்கே போடு. நாங்க பின்தெரு கடைக்குப் போறோம்." கூட வந்தவர்களையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு பஸ் வந்தது. கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டு நேராக என் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். நான் இலை போட ஓடினேன். கூட வந்த கைடு பஸ்ஸிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். மெட்ராஸ் ஹோட்டல் சாப்பாடு. சோடாகூட அங்கிருந்தே வந்திருந்தது.

"சார், நம்ம இட்லியும் ஒரு வாய்..." என்றேன்.

"டிக்கெட்லயே சாப்பாடு சேர்த்தி, கடைக்காரரே. வெளியே எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. கை கழுவத் தண்ணி இருக்குதா?"

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"பட்டுப்புடவையாவது இங்க வாங்குவாங்களா சார்?"

"அதுக்கும் மெட்ராஸ்லயே கடை பேசி வெச்சிருக்குது" என்று சிரித்தார். நம் தெருவில் நெய்த புடவையை அவ்வளவு தூரம் திரும்பிப் போய் வாங்குவார்களாம்! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பஸ் போனபின் வாசலில் கிடந்த பெட்டிகளை நான்தான் கூட்டி அள்ளினேன். கடைக்குள்ளே நான் அவித்து வைத்த இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் மிளகைக் கைநிறையத் தட்டிப் போட்டேன். அந்த நெசவாளி கடையைத் தாண்டிப் போனார். "அண்ணே, மிளகு போட்டிருக்குது!" என்று கூப்பிட்டேன்.

"ஏன், இன்னிக்கு பஸ்ஸு வர்லியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

பஸ் வந்தது. அன்றும் தண்ணீர்தான் கேட்டார்கள்.