ஜான்சன் வந்தால் வெட்டுகிற கடா

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு கடா என்னை முட்டிக் கீழே தள்ளியது.

வடக்கனந்தலில் நடந்தது இது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தேன். வேலை முடிந்தது. வெள்ளிமலையில் பஸ் ஏறி, வழியில் இறங்கி, தேவராஜ் வீட்டுக்கு நடந்தேன். தேவராஜும் நானும் ஒரு காலத்தில் சேர்ந்து கரும்பு வெட்டியவர்கள். எனக்கு ஓர் ஊரில் நிலையாகத் தங்கிப் பழக்கமில்லை என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர் வீடு வழியில் இருந்தால் நுழைந்துவிடுவேன்... இதுவரை யாரும் விரட்டியதில்லை. கடா விரட்டியது.

"அடிச்சிடாதண்ணா! அது கர்த்தருக்குச் சொன்னது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள் தேவராஜின் மனைவி கிரேஸ்.

நான் எங்கே அடித்தேன்? அடி வாங்கிக்கொண்டு மண்ணில் கிடந்தவன் நான்.

கதை இதுதான். இவர்களுக்கு ஒரே மகன், ஜான்சன். இருபது வயதில் ஒரு செல்போன் விஷயமாக அப்பனோடு சண்டை. தேவராஜ் கை நீட்டிவிட்டான். மறுநாளே பையன் போர்வெல் வண்டியில் வேலைக்கு ஏறிவிட்டான். இந்தப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள் — வடநாட்டில் ஊர் ஊராகத் தண்ணீருக்குத் துளை போடுகிற வேலை. ஒரு தடவை அம்மாவுக்கு போன் செய்தான். எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. பிறகு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்றுவரை ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதுதான் கிரேஸ் ஜெப வீட்டில் எழுந்து நின்று பொருத்தனை செய்தாள். மகன் திரும்பி வந்தால் கடா வெட்டி, கர்த்தருக்கு நன்றி சொல்லி சபைக்கே ஸ்தோத்திர விருந்து. அதற்கென்று ஒரு குட்டியையும் பிடித்து வளர்த்தாள். குட்டி வளர்வதற்குள் பையன் வந்துவிடுவான் என்று நினைப்பு. குட்டி வளர்ந்துவிட்டது. பையன் வரவில்லை. ஒரு கிறிஸ்மஸ் போனது. இன்னொன்று போனது. இப்படி ஏழெட்டுப் போய்விட்டன. கடாவுக்குத் தாடி நீண்டது, கொம்பு முறுக்கியது, நாற்றம் தெருமுனை வரை அடித்தது...

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தெருவில் கிறிஸ்தவர்கள் நாலைந்து வீடுதான். மற்றவர்கள் அய்யனாருக்கும் மாரியம்மனுக்கும் கடா நேர்ந்து விடுகிறவர்கள். நேர்ந்து விட்ட கடாவை அவர்கள் அடிக்க மாட்டார்கள். யார் நிலத்தில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். கிரேஸின் கடாவுக்கும் அந்தச் சலுகை தானாகவே கிடைத்துவிட்டது. நான் பார்க்கும்போதே பக்கத்து நிலத்துக்காரர் முருகேசனின் உளுந்தில் இறங்கி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏங்க, விரட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வுட்டதுப்பா. எந்த சாமியா இருந்தா இன்னா? அடிச்சிட்டு யாரு அனுபவிக்கிறது?"

இப்படி ஊரே சேர்ந்து வளர்த்த கடா. பாஸ்டருக்கு இது பிடிக்குமா?

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜெப வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை, ஒரு மைக், தரையில் பாய். நான் ஞானஸ்நானம் எடுத்தவன்தான். ஒழுங்காக ஆராதனைக்குப் போகிறவன் என்று சொன்னால் பொய். பாட்டு, ஜெபம், பிறகு சாட்சி நேரம். ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஒருவர் வீட்டில் மாடு நல்லபடியாகக் கன்று போட்டிருந்தது. எழுந்து நின்று சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கிரேஸும் தட்டினாள். வருஷக்கணக்காக அவள் தட்டுகிற பக்கம்தான் இருக்கிறாள்.

கடைசியில் பாஸ்டர் ஆரம்பித்தார்.

"கிரேஸ் சிஸ்டர், இப்படி நேர்ந்து விடுறதெல்லாம் நம்ம விட்டுட்டு வந்த பழக்கம். கர்த்தர் என்ன கடாவுக்கா காத்துக்கிட்டிருக்காரு? இந்தக் கிறிஸ்மஸ் விருந்துக்குக் குடுத்துடுங்களேன். பிள்ளைங்க கறி சாப்பிடும்."

பிள்ளைகள் மட்டுமா? சபையில் ஒரு முகம் பாக்கியில்லாமல் மலர்ந்தது.

கிரேஸ் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ், "குடுத்துடறோங்க ஐயா" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் கிரேஸ் தழை ஒடித்தாள். ஒடித்து வந்த தழையைக் கடா முன்னால் போட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

"யாரக் கேட்டுய்யா குடுக்கறன்னு சொன்ன?"

"அதுக்குப் பல்லு தேஞ்சி போச்சுமே. தழயக்கூட மெல்ல முடியாம நின்னுக்கினு இருக்குது. தானா செத்துப் போச்சின்னா யாருக்கும் ஆவாது."

"நாளைக்கி அவன் வந்தா இன்னாத்த வெட்றது?"

தேவராஜ் துண்டை உதறித் தோளில் போட்டான். "அவன் வரமாட்டாம்மே."

அந்த வார்த்தை அந்த வீட்டில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை என்று கிரேஸின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான் எழுந்து வெளியே போகலாமா என்று பார்த்தேன். வாசலில் கடா நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப நான் தெனம் அவனுக்கு ஜெபம் பண்றனே... நீ எதுக்கு ஆமென் சொல்ற?"

தேவராஜ் துண்டை எடுத்து மறுபடி உதறினான். பிறகு, "நீ கேக்கறியேன்னு சொல்றன்" என்றான்.

நான் எட்டாவது தாண்டாதவன். விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஆனால் பார்த்ததைச் சொல்லலாம். விசுவாசம் என்றால் பாட்டு, கண்ணீர், கைதட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். மற்ற நாட்களில் அது தழை ஒடிக்கிற வேலை. களை வெட்டிவிட்டு இடுப்பு நோக வந்த பிறகும் போய் ஒடித்து வரவேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் கடா கத்தும். ஜெபம் அப்படிக் கத்துவதில்லை. அதனால்தான் பலபேர் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறோமோ?

மறுநாள் காலை கிரேஸ் என்னிடம் வந்தாள்.

"கேட்டுக்கண்ணா. கடாவக் குடுத்துடறன், ஆனா இது கிறிஸ்மஸ் கறி. ஸ்தோத்திரக் கறி இல்ல. கர்த்தர்கிட்ட நான் சொன்னது அப்படியேதான் நிக்குது."

"பாஸ்டர்கிட்ட சொல்லும்மா, எங்கிட்ட எதுக்கு?"

"அவரு பிரசங்கம் பண்ணுவாரு. நீன்னா கம்முனு கேப்ப."

கிறிஸ்மஸ் அன்று விருந்து நடந்தது. கடா வெட்டும்போது கிரேஸ் அந்தப் பக்கம் வரவில்லை. பரிமாற மட்டும் வந்தாள். கறி என்ன வேகவைத்தும் வேகவில்லை. ரப்பர். பாஸ்டர் பொறுமையாக மென்றார். அன்றைய பிரசங்கமும் பொறுமையைப் பற்றித்தான். முருகேசனும் வந்திருந்தார். "பாதி எங்க உளுந்துதான, இன்னும் ரெண்டு துண்டு போடும்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கிரேஸும் சிரித்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பழக்கத்தில் போய்த் தழை ஒடித்து வந்துவிட்டாள். தின்ன ஆள் இல்லை. தழைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கடாவின் முளைக்குச்சிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவராஜ் அவளைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான்.

எனக்கு அன்று மத்தியானம் பஸ். பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது சந்தையிலிருந்து திரும்பி வந்தான். கக்கத்தில் ஒரு குட்டி. பால் மறந்து சில நாள்கூட ஆகியிருக்காது.

"இன்னாய்யா இது?" என்றாள் கிரேஸ்.

"பாத்தா தெரில? குட்டி."

"வரமாட்டான்னு சொன்ன?"

"வரமாட்டான்தான்." குட்டியை மெதுவாக அவள் பக்கத்தில் இறக்கிவிட்டான். "வந்துட்டான்னா? கோழியா அடிச்சிப் போடுவ?"

ஜான்சன், உன் வண்டியில் எவனாவது இந்தப் பத்திரிகையைப் பிரித்தால் கொஞ்சம் எட்டிப் பார். குட்டி வாங்கியது உங்க அப்பா.